சாத்தன் பேர் போட்ட கிண்ணம்

வெங்கடேசன் ஒன்றுக்குப் போக ஒதுங்கிய இடத்தில்தான் அந்த ஓடு கிடந்தது. கோமதிநாயகத்தால் முதலில் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அதைத்தான்.

பதினோரு வருடங்களாக, மழைக்காலம் நீங்கலாக, ஞாயிறுதோறும் அவர் பழம்பொருள் தேடுகிற ஒரு சிறு கூட்டத்தோடு ஏரிக்கரைகளில் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறார். எந்தக் கரையில் கறுப்பு சிவப்பு ஓடு கிடைக்கும், எங்கே வெறும் செங்கல் துண்டுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். குன்றத்தூர் வாடகை வீட்டுப் பரணில் மூன்று பிஸ்கட் டின் நிறையப் பானை ஓடுகள் வைத்திருக்கிறார். அவற்றில் மீன் கீறிய ஓடு உண்டு, ஏணி உண்டு, அம்பு உண்டு. எழுத்து கீறிய ஓடு மட்டும் ஒன்றுகூட இல்லை. வெங்கடேசன் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் இருந்தால் மனைவி லீலா கறிக்கடை வரிசையில் நிற்க வைக்கிறாள் என்பதற்காக வந்து சேர்ந்தவன்.

இரண்டு பேரும் ஒரகடத்தில் ஒரே பிரேக் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். கோமதிநாயகம் தரப் பரிசோதனைப் பிரிவு. சொந்த ஊர் பணகுடிப் பக்கம், இங்கே வந்து பதினாறு வருடம். வெங்கடேசன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுக்கு இதே ஊர்தான். அவன் அப்பா உழுத நிலத்தின் மேல் இப்போது யாருடைய கிடங்கோ நிற்கிறது. அதைப் பற்றி அவன் வருத்தப்பட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்று காலை வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் ஏரியில் நடந்தார்கள். ரோடு அகலப்படுத்த மண் எடுத்ததில் கரையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. வேலிகாத்தான் மறைவிலிருந்து பேன்ட்டைச் சரிசெய்துகொண்டே வந்த வெங்கடேசன் உள்ளங்கை அகல ஓடு ஒன்றை நீட்டினான்.

"சார், இத்தப் பாரு. கோழி கெளறினா மாதிரி கீது. தூக்கிப் போட்டுடவா?"

கோமதிநாயகம் பார்த்தார். ஒரு கிண்ணத்தின் தோள்பகுதி. மண் அப்பிய கீறல்கள். அவற்றில் ஒன்று அம்பும் இல்லை, ஏணியும் இல்லை. சா. அதை அடுத்து இரண்டு த. ஒரு ன. கடைசியில் உடைந்த விளிம்பை ஒட்டிக் கூட்டல் குறி போல இன்னொன்று. தமிழின் மிகப் பழைய எழுத்து. ஐந்து எழுத்துகள். புத்தகத்தில் மட்டுமே பார்த்தவை, இவன் கையில்.

போட்டுடு என்று அவருக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் போட்டிருப்பான். அடுத்த நாள் தனியாக வந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு நொடியில், எந்தப் பனைமரத்துக்கு நேராக விழும் என்பது வரைக்கும் அவர் கணக்குப் போட்டுவிட்டார். அதற்குள் மற்றவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். "எழுத்துய்யா இது" என்று கோமதிநாயகமே சொல்ல வேண்டியதாயிற்று. வெங்கடேசனின் முதுகில் தட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே, இனிமேல் நான் எங்க ஒதுங்கினாலும் நீங்கல்லாம் பின்னாடி வருவீங்க போல என்றான்.

படித்துச் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஓட்டை அவரிடம் கொடுத்துவிட்டான். ரசீது கேட்கவில்லை, பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அலட்சியமும் அவருக்கு எரிந்தது.

கோமதிநாயகத்துக்கு இந்தப் பித்து பிடித்ததே ஒரு தட்டின் படத்தால்தான். தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த பிரெஞ்சு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் அது இருந்தது. பிரான்ஸின் தெற்கே, இரண்டாயிரம் வருடத்துக்கு முன், கெல்டிக் குயவர்கள் பலர் ஒரே சூளையில் சுட்டிருக்கிறார்கள். யார் எத்தனை தட்டு, எத்தனை கிண்ணம் சூளையில் வைத்தது என்பதை ஒரு தட்டிலேயே கூரான எதையோ கொண்டு கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்து ரோமானியருடையது, பேச்சு கெல்டிக்கும் லத்தீனும் கலந்தது. இது நம்ம ஷிப்ட் ரிப்போர்ட்லா என்று அவருக்கு அன்றைக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்தைக் கத்தரித்துத் தன் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அந்தப் பெயர்களையே பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வந்தார்: மண் சட்டியில் ஒருவன் தன் பேரைக் கீறுவது, இது என்னுடையது என்று சொல்வதற்குத்தான். கெல்டிக்காரன் ஆனால் என்ன, தமிழன் ஆனால் என்ன.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். உண்மையைச் சொன்னால் அவர் தேடியது எழுத்தை அல்ல, குறையை. உலோகத்தை வெட்டினால் விளிம்பில் பிசிறு நிற்கும். தொழிற்சாலையில் அதற்கு 'பர்' என்று பேர். ஒரு நாளைக்கு நானூறு பாகங்களைப் பிசிறுக்காகவே புரட்டிப் பார்க்கிற கண் அவருடையது. நேற்று ஜேசிபி பல் கீறியதாக இருக்கக் கூடாதா, யாராவது விளையாட்டாக ஆணியால் கிறுக்கியதாக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு விளிம்பாகப் போனார். புதுக் கீறல் என்றால் உள்ளே வெளிறித் தெரியும். இதில் கீறலின் அடிவரை பழைய மண் கல்லாக இறுகியிருந்தது. சுட்ட பிறகு, கிண்ணம் புழக்கத்தில் இருந்தபோது கீறியது. குறை என்று தள்ள முடியவில்லை.

மனைவி வேல்விழி பின்னால் வந்து நின்றாள். "கெடச்சிட்டா ஒரு வழியா? பதினோரு வருசம்."

"எனக்கில்ல. அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதவனுக்கு."

"அதான் மொகம் இப்படி இருக்கா" என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

குறைதான் இல்லை, வாசிப்பாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டார். கண்டெடுப்பது அதிர்ஷ்டம், படிப்பது அறிவு. நான்கு எழுத்து தெளிவு: சாத்தன். ஐந்தாவது க. அதற்கு மேல் ஓடு உடைந்துவிட்டது. சாத்தன் க… சாத்தன் கலம். சாத்தனுடைய கிண்ணம். சாத்தன் என்பது வணிகர்களிடையே வழங்கிய பெயர் என்று படித்திருந்தார். ஒரு வணிகன், ஒரு வழிப்பாதை, தூரத்தில் கடற்கரை என்று ஒரு கட்டுரையே மனதில் விரிந்துவிட்டது. கடைசிப் பத்தியில் கெல்டிக் தட்டு. கீழே அவர் பெயர்.

திங்கட்கிழமை கேன்டீனில் இதைச் சொன்னார். மேஜையில் எட்டுப் பேர் இருந்தார்கள். சாத்தனின் கிண்ணம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். வெங்கடேசன் மட்டும் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அவன் கிண்ணத்துல அவனே எதுக்கு சார் பேர் போட்டுக்கினான்?" என்றான்.

"வேற யாரும் எடுத்துரக் கூடாதுல்லா. அதுக்குத்தான்."

வெங்கடேசன் தன் டிபன் பாக்ஸின் மூடியைத் துடைத்து அவர் பக்கம் திருப்பினான். "இதுல இன்னா போட்டுகீது, படி."

பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. எஸ். தணிகாசலம்.

"நான் தணிகாசலமா?"

மேஜை சிரித்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருடம் இந்த டிபன் பாக்ஸ் கேன்டீனில் தொலைந்து, செக்யூரிட்டி இரண்டு நாள் மைக்கில் தணிகாசலம், தணிகாசலம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் போகவில்லை. வெங்கடேசனும் காதில் கேட்டுக்கொண்டே, எவன்டா அது தணிகாசலம் என்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது. தணிகாசலம் அவன் மச்சான், லீலாவின் அண்ணன். கல்யாணத்துக்கு அவர் செய்த சீர் அது.

"எங்க வூட்ல எந்தப் பாத்திரத்துலயும் என் பேர் கெடையாது சார். குடுத்தவன் பேருதான் இருக்கும். வாங்கினவன் எவனாவது வெட்டிக்குவானா? அந்த சாத்தன் எவனுக்கோ குடுத்திருப்பான். அவன் வூட்டுக் கல்யாணமோ இன்னாவோ."

கோமதிநாயகத்துக்குக் காது மடல் சூடேறியது. "இது எவர்சில்வர் கதை இல்லய்யா. ரெண்டாயிரம் வருசத்து எழுத்து. இதுல போயி மச்சான், சீருன்னுகிட்டு." அவர் நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. மேஜையில் சிரிப்பு நின்றது.

"சரி சார். நீ படிச்சவன்" என்றான் வெங்கடேசன். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பிட்டதும் பரிசோதனை அறைக்குப் போனார். பையில் பஞ்சு சுற்றி வைத்திருந்த ஓட்டை எடுத்து, பிரேக் பாகங்களை வைக்கும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். ஐந்தாவது எழுத்து. பழைய எழுத்தில் க என்பது ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். அதன் உச்சியில் இடப்பக்கம் சின்னதாக ஒரு கோடு இழுத்தால் அது கெ. இரண்டு பக்கமும் இழுத்தால் கொ. இந்தக் குறியின் உச்சியில், இடப்பக்கம், எள் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்த்திருந்தார். ஓடு பெயர்ந்த சில்லு என்று விட்டிருந்தார். இப்போது அறுபது மடங்கு பெரிதாகப் பார்க்கும்போது அது சில்லு இல்லை. மற்ற நான்கு எழுத்தைக் கீறிய அதே முனை, அதே ஆழம், உள்ளே அதே மண். வலப்பக்கம் உச்சியோடு ஓடு உடைந்து போயிருந்தது.

சாத்தன் கொ…

கொடுத்த என்று மனம் தானாக முடித்தது. அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. மதுரைப் பக்கத்துக் குகைகளில் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிய இடங்களில் எல்லாம் யார் பேர் இருக்கிறது? படுத்தவன் பேரா? வெட்டிக் கொடுத்தவன் பேர். பத்து முறையாவது போய்ப் பார்த்து வந்திருக்கிறார். அதெல்லாம் போகட்டும், அவர் பதினாறு வருடமாகத் தினமும் சாப்பிடுகிற தட்டில் 'மாரிமுத்து, பணகுடி' என்று வெட்டியிருக்கிறது, வேல்விழியின் தாய்மாமன் கொடுத்தது. மாரிமுத்துவின் தட்டில் தின்கிறோம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் தனக்குத் தோன்றாதது, தயிர்சாதம் பிசைகிறவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஓட்டைத்தான் எடுத்தான் என்றால் எழுத்தையும் எடுத்துக்கொண்டான்.

கல்வெட்டு ஆய்வாளர் செல்வலட்சுமிக்கு அன்று மாலையே குறிப்பு எழுத உட்கார்ந்தார். பணி ஓய்வு பெற்றவர்; இதுபோல யார் எழுதினாலும் தானே பஸ் ஏறி வந்து பார்க்கிறவர். அவர் ஏற்றுக்கொண்டால் ஆய்விதழில் வரும், அரசு அருங்காட்சியகத்துக்குப் போகும். எழுத்துடைய முதல் ஓடு இந்த ஏரியில் என்று யார் எங்கே எழுதினாலும் அதன் அருகே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்காகத்தான் பதினோரு வருடம்.

கொ என்று எழுதினால் அது எப்படித் தோன்றியது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால், வெங்கடேசன் சொன்னதைக் கேன்டீனில் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் க என்று எழுதினார். சாத்தன் கலம். ஐயத்துக்கு இடமில்லை என்று ஒரு வரி சேர்த்தார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு, 'களப்பயணத்தில் உடன் வந்த தொழிலாளி ஒருவர்' என்று எழுதினார்.

தோளுக்கு மேலாகப் படித்த வேல்விழி கேட்டாள்: "தொழிலாளி ஒருவர்னு போட்டிருக்கீய. அப்ப நீங்க யாரு, மொதலாளியா?"

அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த ஞாயிறு செல்வலட்சுமி வந்துவிட்டார். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் ஓட்டை வைத்துக்கொண்டார். குழுவில் ஆறு பேர் சுற்றி நின்றார்கள். கோமதிநாயகம் நேராக எதிரில். வெங்கடேசன் சற்றுத் தள்ளி, டீக்கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு. அவனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் கோமதிநாயகம் ஒரகடம் முனையிலிருந்து வந்திருந்தார்.

செல்வலட்சுமி லென்ஸை வைத்து அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "சாத்தன் சரி. நீங்க கலம்னு எழுதியிருக்கீங்க. இந்த உச்சிக் கோட்ட விட்டுட்டீங்களே."

கோமதிநாயகம் ஓட்டின் மேல் குனிந்தார்.

"இது வெறும் க இல்ல. கெ, இல்லன்னா கொ. அடுத்த பாதி உடைஞ்சிருக்கு. கொடுத்தன்னு படிக்க ஆசையாத்தான் இருக்கு. உறுதியா சொல்ல முடியாது, ஆனா அப்படி ஒரு வாய்ப்புன்னு எழுதலாம். பேர் வச்சவன் உடையவன் இல்ல, கொடுத்தவன். அப்படின்னா இது ரொம்ப அபூர்வம்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயத்துக்கு இடமில்லன்னு வேற எழுதியிருந்தீங்களே சார்."

சுற்றி நின்றவர்கள் கோமதிநாயகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்தார்கள். கேன்டீன் மேஜையில் இருந்த இரண்டு பேர் அங்கேயும் இருந்தார்கள்.

அப்போது வெங்கடேசன் கிட்டே வந்தான். "அவுருதாம்மா சொன்னாரு, குடுத்தவன் பேருன்னு. திங்கக்கெழம கேன்டீன்லயே சொன்னாரு. எழுதும்போது எதனா மாறிப் போயிருக்கும்." சொல்லிவிட்டு அந்த இரண்டு பேரையும் பார்த்தான். அவர்களும் ஆமாம் என்பது போல முனகினார்கள்.

செல்வலட்சுமியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? கோட்டப் பார்க்காமலே அர்த்தத்துக்குப் போயிட்டீங்களா? அப்ப வாசிப்ப உங்க பேர்லயே போடுறேன்." பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ஓட்டோடு சேர்த்துக் கட்டுகிற அட்டை. இடம், நாள், கண்டெடுத்தவர், வாசித்தவர் என்று கோடு போட்டிருந்தது. வாசித்தவர் என்ற இடத்தில் பேனா முனையை வைத்தார்.

கோமதிநாயகத்துக்கு வேண்டியது அதுதான். பேசாமல் இருந்தால் போதும். ஆனால் வெங்கடேசன் அவரைப் பார்த்துக் கண்ணாலேயே, வாங்கிக்க சார் என்பது போல ஒரு ஜாடை காட்டினான். அந்த ஜாடையில்தான் எல்லாம் கெட்டது. ஓட்டுக்காக அவன் மேல் எரிந்தது ஒரு பங்கு என்றால், கண்டுபிடித்ததை இப்படி டீ வாங்கிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு நிற்க முடிகிறதே, அதற்காக எரிந்தது பத்துப் பங்கு. இந்தப் பெயர் அச்சில் வந்தால், பார்க்கும்போதெல்லாம் இவன் போட்ட பிச்சை என்றுதானே தோன்றும்?

"இல்லம்மா" என்றார். "நான் சொல்லல. இவன் சொன்னது. நான்தான் மடத்தனம்னு அடக்கினேன். பெறவு மைக்ராஸ்கோப்ல வச்சு அந்தக் கோட்டையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் கலம்னு எழுதினேன்."

செல்வலட்சுமி பேனாவை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். இந்தத் துறையில் நாற்பது வருடத்தில் இப்படி ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை என்றார். உங்கள் நேர்மையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி எழுதுவேன் என்றார். யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்டெடுத்தவர் வெங்கடேசன். வாசித்தவர் வெங்கடேசன். செல்வலட்சுமி அவனிடம் முழுப்பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு மணிமணியாக எழுதினார்.

திரும்பும்போது ஒரகடம் வரை வெங்கடேசன் பேசவில்லை. வழக்கமாக முன்னால் போகிற லாரி, எதிரே வருகிற கம்பெனி பஸ் எல்லாவற்றையும் வைகிறவன். முனையில் பைக்கை நிறுத்தினான். கோமதிநாயகம் இறங்கினார்.

"நான் இன்னா சார் பண்ணப் போறேன் அத்த வச்சிக்கினு? நாளைக்கு லோடு ஏத்தத்தான் போறேன். நீதான் ஆசப்பட்டு அலையுறன்னு குடுத்தேன்." அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்ரோல் டேங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆறு பேர் எதுர்ல மூஞ்சில அடிச்சா மாதிரி திருப்பிக் குடுத்துட்ட. குடுத்தா வாங்கிக்கத் தெரில சார் உனக்கு."

பைக்கை முறுக்கிக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான்.

குன்றத்தூர் பஸ் வர நேரம் ஆயிற்று. போன் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. குழுவில் யாரோ அந்த அட்டையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைதட்டல்கள், வெங்கடேசனுக்கும் அவருக்குமாக. கோமதிநாயகம் நிழற்குடையின் ஓரத்துக்குப் போய், வெயில் படாமல் போனைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். வெங்கடேசன் என்று எழுதியிருந்த இரண்டு இடத்திலும், ஒரு எழுத்தாவது தப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.